பெடல் ஏன் அமுங்குகிறது?

பெட்டாலிங் ஜெயாவில் இருபது வயதைத் தாண்டிய பிக்அப் வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய நகர்ச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருவது, செக்‌ஷன் 51 தொழிற்கூடங்களுக்கு இரும்பு கொண்டுபோவது, சுங்கை பூலோ நாற்றங்கால்களிலிருந்து செடிகளை இறக்குவது, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் சுமப்பது என்று எதற்கும் ஒரு பழைய ஹைலக்ஸோ இசுஸுவோ வந்து நிற்கும். எஞ்சின் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. சேசிஸும் தாங்குகிறது. பிரேக் மட்டும் அப்படியல்ல. அதன் உள்ளே ரப்பர் இருக்கிறது, திரவம் இருக்கிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டுக்கும் வயதாகிறது.

இத்தகைய வண்டிகளைப் பற்றிப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. “பெடல் மெத்துன்னு போகுது. ரெண்டு மூணு தடவ மிதிச்சாத்தான் பிடிக்குது.” அதற்கு ஃபோர்மேன் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். “காத்து ஏறியிருக்கு. காத்து எடுக்கணும்.”

இந்தப் பதில் பல நேரம் சரி. சில நேரம் பாதி சரி. சில நேரம் முற்றிலும் தவறு. எப்போது எது என்று அறிய, பிரேக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

திரவம் செய்யும் வேலை

மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். இது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் வகுத்த விதி. அதை வாகன பிரேக்கில் புகுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். அவருடைய முறையில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் பொருத்திய டியூசென்பெர்க் கார் 1921இல் விற்பனைக்கு வந்தது. நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

பெடலை மிதித்தால் அதன் தண்டு, எஞ்சின் அறையில் இருக்கும் முதன்மை உருளைக்குள் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. இந்த உருளையை நம் பட்டறைகளில் மாஸ்டர் பம்ப் என்பார்கள். அதன் தலைமேல் திரவம் நிரம்பிய சிறு தொட்டி இருக்கும். அங்கிருந்து மெல்லிய இரும்புக் குழாய்களும், சக்கரத்தை நெருங்கும் இடத்தில் ரப்பர்க் குழாய்களும் நான்கு மூலைக்கும் போகின்றன. பழைய பிக்அப்புகள் பலவற்றில் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். டிஸ்கைக் கவ்வும் பாகம் கேலிப்பர். டிரம்முக்குள் ஷூக்களை விரிக்கும் பாகம் சக்கர பம்ப்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலால் 20 கிலோ விசை தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது அந்த விசையை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கி, 100 கிலோவாக மாஸ்டர் பம்புக்குத் தருகிறது. மாஸ்டர் பம்பின் பிஸ்டன் முகப்பு ஏறக்குறைய 5 சதுர சென்டிமீட்டர் என்றால், திரவத்தில் எழும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. கேலிப்பர் பிஸ்டனின் முகப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே 400 கிலோ விசை கிடைக்கிறது. மிதிப்புக்கு வலுச்சேர்க்கும் வெற்றிட பூஸ்டரின் உதவியை இதில் சேர்க்கவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. விசை பெருகினால் நகர்வு சுருங்கும். பெடல் பல சென்டிமீட்டர் இறங்கினாலும் பிரேக் பேட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். ஆகவே, பெடலின் பயணத்தில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

ஒரு மில்லிலிட்டர் காற்று

காற்று சுருங்கும். ஊசி இல்லாத மருந்துக்குழலில் தண்ணீர் நிரப்பி, வாயை விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள். அசையாது. அதே குழலில் பாதி காற்று இருந்தால், கைக்கு அடங்கி உள்ளே போகும். விட்டவுடன் திரும்பி வரும். பெடலில் காலுக்குத் தெரியும் மென்மை இதுதான்.

அளவிலும் இதைச் சொல்லலாம். குழாயில் ஒரு மில்லிலிட்டர் காற்று இருக்கிறது. மேலே சொன்ன 20 கிலோ அழுத்தத்தில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். காலியான அந்த இடத்தை நிரப்ப மாஸ்டர் பம்ப் கிட்டத்தட்ட ஒரு மில்லிலிட்டர் திரவத்தைக் கூடுதலாகத் தள்ள வேண்டும். 5 சதுர சென்டிமீட்டர் பிஸ்டனுக்கு இது 2 மில்லிமீட்டர் நகர்வு. பெடலின் ஐந்து மடங்கைச் சேர்த்தால் 1 சென்டிமீட்டர்.

அதாவது, குழாயில் இருக்கும் ஒவ்வொரு மில்லிலிட்டர் காற்றும் பெடலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடுகிறது. ஒரு தேக்கரண்டி என்பது ஐந்து மில்லிலிட்டர். அவ்வளவு காற்று ஏறினால் பெடல் தரையைத் தொட்டுவிடும். திரும்பத் திரும்ப மிதித்தால் பிடிப்பது ஏன் என்பதும் இதில் விளங்கும். பெடலை விட்டு மீண்டும் மிதிக்கும்போது தொட்டியிலிருந்து கொஞ்சம் திரவம் கூடுதலாக உள்ளே போய், காற்றை முன்கூட்டியே அழுத்தி வைக்கிறது. அடுத்த மிதிப்பில் பெடல் உயர்கிறது. அவசரத்தில் ஒரு முறை மட்டுமே மிதிக்க நேரம் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேருந்துக்கும் கனரக லோரிக்கும் இருப்பது காற்று பிரேக். அவற்றில் அழுத்திய காற்றே வேலை செய்கிறது. அதை வெளியேற்றும் பேச்சே அங்கு எழாது. பிக்அப்பில் வேலை செய்வது திரவம். அங்கு காற்றுக்கு இடமே இல்லை.

காற்று நுழையும் வழிகள்

மூடிய அமைப்பு என்றால் காற்று எப்படி வந்தது? வழிகள் சில உண்டு.

முதல் வழி, நாமே திறந்துவிடுவது. ரப்பர்க் குழாய், கேலிப்பர், சக்கர பம்ப், மாஸ்டர் பம்ப் ஆகியவற்றில் எதைக் கழற்றி மாற்றினாலும் காற்று உள்ளே போகும். அதன்பின் காற்றெடுப்பது வேலையின் ஒரு பகுதி. இதில் மர்மம் எதுவும் இல்லை.

இரண்டாவது, தொட்டி வற்றுவது. பேட் தேயத் தேயக் கேலிப்பர் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தைத் திரவம் நிரப்பும். தொட்டியின் மட்டம் மெல்ல இறங்கும். எங்காவது கசிவும் இருந்தால் மட்டம் விரைவில் அடிக்கோட்டுக்குக் கீழே போகும். ஏற்றத்தில் அல்லது திருப்பத்தில் திரவம் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மாஸ்டர் பம்ப் காற்றை விழுங்கும்.

மூன்றாவது, ரப்பர் தளர்வது. சக்கர பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்க் கிண்ணம் அழுத்தத்தின்போது நன்றாக அடைத்துக்கொள்ளும். பழையதாகிவிட்டால், பெடலை விட்டதும் உள்ளே தோன்றும் சிறு உறிஞ்சலில் அது காற்றை உள்ளே விடக்கூடும். வெளியே திரவம் சொட்டாமலே காற்று ஏறும் வழி இது.

நான்காவது, சற்று வேறுபட்டது. அது வெளியிலிருந்து வரும் காற்றல்ல. உள்ளே பிறக்கும் நீராவி. பிரேக் எண்ணெய் என்று நாம் சொல்லும் திரவம் பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகை வேதிப்பொருள். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் தொட்டி மூடியின் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே சேர்கிறது.

ஈரம் சேர்ந்த திரவம் சீக்கிரம் கொதிக்கும். டாட் 3 என்ற தரத்தில் புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். அதே திரவத்தில் ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில், இந்தத் தரம் கேட்பது 140 டிகிரி மட்டுமே. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. கெந்திங் மலையிலிருந்து சுமையோடு, இரண்டாம் கியருக்கு இறங்காமல், பிரேக்கை மிதித்தபடியே வந்தால் கேலிப்பர் அந்தச் சூட்டை எட்டிவிடும். நீர் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் இறங்கும். வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டால் ஆவி மீண்டும் நீராகி, பெடல் பழையபடி கெட்டியாகும். பட்டறைக்கு வரும்போது குறை தெரியாது. “மலையில மட்டும் இப்படி ஆச்சு” என்று ஓட்டுநர் சொன்னால், அந்தத் திரவம் முழுவதையும் மாற்ற வேண்டும்.

காற்றுதானா என்று அறிவது

காற்றெடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் பெடலைக் கேட்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீரும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். பிறகு நிதானமாக அழுத்திப் பாருங்கள். நான்கு வகையான பதில் கிடைக்கலாம்.

பெடல் பாதியில் நின்று, மேலும் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கினால் காற்று இருக்கிறது.

பெடல் வெகுதூரம் இறங்கினாலும் அடியில் கல்போல நின்றால், காற்று அல்ல. பின் டிரம்மின் ஷூக்கள் தேய்ந்து விலகிவிட்டன. ஷூ டிரம்மைத் தொடவே அதிகத் திரவம் தேவைப்படுகிறது. இதிலும் இரண்டாம் மிதிப்பில் பெடல் உயரும். அதனால்தான் காற்று என்று எளிதில் தவறாக எண்ணப்படுகிறது. பழைய பிக்அப்புகளில் தானாகச் சரிசெய்துகொள்ளும் பல்சக்கரம் துருவேறி நின்றுபோயிருக்கும். எத்தனை முறை காற்றெடுத்தாலும் பெடல் உயராத வண்டிகளில் ஒரு பகுதி இந்த வகை. டிரம்மைக் கழற்றி, அந்தப் பல்சக்கரத்தைச் சுத்தம் செய்து, ஷூவை நெருக்கி வைத்தால் போதும்.

ஒரே அளவில் அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் தெரியாவிட்டால், மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் திரவத்தைப் பின்னால் விடுகிறது என்று பொருள். அந்தப் பம்பைத்தான் பார்க்க வேண்டும்.

பெடல் உயரத்தில் கெட்டியாக நின்று, வண்டி மட்டும் நிற்காவிட்டால் பூஸ்டரையோ பேட், ஷூக்களின் லைனிங்கையோ சந்தேகிக்க வேண்டும். குழாயைத் தொட வேண்டியதில்லை.

தயாரிப்பு

காற்றுதான் என்று தெரிந்தபின் திரவத்தை வாங்கலாம். தொட்டியின் மூடியிலேயே தரம் அச்சிட்டிருக்கும். பழைய பிக்அப்புகளில் பெரும்பாலும் டாட் 3. அதில் டாட் 4 கலந்தால் குற்றமில்லை. டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது. எஞ்சின் எண்ணெயோ கியர் எண்ணெயோ ஒரு துளியும் போகக் கூடாது. பிரேக்கின் ரப்பர் அதில் ஊறி வீங்கிவிடும். எல்லா ரப்பரையும் மாற்றும்படி ஆகும். முன்பே திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டிரம்மைப் பார்க்கக் கைபிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும் என்பதால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. தாங்கு கால்களை வையுங்கள். பின்பக்கத்தில் அவற்றைச் சேசிஸுக்குக் கீழே வைக்காமல் அச்சுக்குக் கீழே வையுங்கள். காரணம் பின்னால் வரும்.

திரவம் வெளியேறும் சிறு திருகை நிப்பிள் என்பார்கள். ஒவ்வொரு கேலிப்பரிலும் சக்கர பம்பிலும் ஒன்று இருக்கும். பழைய வண்டியில் அது துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வைப்பது நல்லது. வாய் திறந்த ஸ்பானர் வழுக்கி முனைகளை உருட்டிவிடும். வளைய ஸ்பானரே சரி. நிப்பிள் முறிந்தால் அரைமணி வேலை ஒருநாள் வேலையாகிவிடும்.

நிப்பிள் எப்போதும் பாகத்தின் மேற்பகுதியில்தான் இருக்கும். காற்று மேலே ஏறும் என்பதே காரணம். இதைக் கவனிக்க ஒரு தேவை உண்டு. பழைய வண்டிக்கு ஹாஃப்கட் எனப்படும் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய கேலிப்பரைப் பொருத்தும்போது இடம் வலம் மாறிவிடுவதுண்டு. அப்போது நிப்பிள் அடியில் போய்விடும். திரவம் அதன் வழியே தாராளமாக வரும். காற்று மட்டும் மேலே தங்கிவிடும். ஒரு பாட்டில் முழுதும் தீர்ந்தும் பெடல் உயராவிட்டால், முன்சக்கரத்தைக் கழற்றி நிப்பிள் எங்கே பார்த்து நிற்கிறது என்று பாருங்கள்.

காற்றெடுக்கும் முறை

வரிசையில் மாஸ்டர் பம்பிலிருந்து தூரமான சக்கரம் முதலில் வரும். மலேசியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் மாஸ்டர் பம்பும் வலப்பக்கம். ஆகவே பொதுவான வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். நிப்பிளில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புதிய திரவம் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வையுங்கள். பெடலில் இருப்பவர் மூன்று நான்கு முறை நிதானமாக மிதித்து, கடைசி மிதிப்பில் அப்படியே பிடித்துக்கொண்டு “பிடிச்சிருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுவரை திறப்பார். பழுப்பேறிய திரவமும் குமிழ்களும் குழாயில் ஓடும். பெடல் இறங்கும். அது அடியைத் தொடுவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட வேண்டும். மூடிய பிறகுதான் “விடு” என்ற சொல்.

முழு வேலையும் இந்த ஒரு வரிசையில் அடங்கியிருக்கிறது. மூடு, பிறகு விடு. மூடும் முன்னே பெடலை விட்டால், திரும்பி எழும் பிஸ்டன் நிப்பிளின் மரைவழியே காற்றை உள்ளே இழுத்துவிடும். அரைமணி உழைத்தும் குமிழ் தீரவில்லை என்று சொல்பவர்களிடம் இந்தப் பிழையை அடிக்கடி காணலாம்.

வேகமாக மிதிப்பதும் உதவாது. ஒரு பெரிய குமிழ் எளிதில் வெளியேறும். வேகத்தில் அது நுரையாக உடைந்தால் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு தங்கும். அப்படி ஆகிவிட்டால் வண்டியைச் சில மணிநேரம் விட்டுவைத்து, நுரை மீண்டும் சேர்ந்தபின் தொடர்வது நல்லது.

பழைய மாஸ்டர் பம்புக்கு இன்னொரு பாதுகாப்பும் தேவை. அன்றாட ஓட்டத்தில் அதன் பிஸ்டன் உருளையின் முதல் பகுதியில் மட்டும் போய்வருகிறது. மீதிப் பகுதியில் பல ஆண்டுக் கசடும் துருப்புள்ளிகளும் சேர்ந்திருக்கும். காற்றெடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால், ரப்பர் அந்தச் சொரசொரப்பின்மேல் உரசிக் கிழிந்துவிடலாம். நேற்றுவரை நன்றாக இருந்த பம்ப், காற்றெடுத்த மறுநாள் கெட்டுப்போவதற்கு இது ஒரு காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து அதன் பயணத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

தொட்டியின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை நிரப்புங்கள். அது வற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் குமிழ் நிற்பது மட்டும் போதாது. நிறம் தெளிந்து, புதிய திரவம் வரும்வரை தொடர்ந்தால் ஈரம் சேர்ந்த பழைய திரவமும் வெளியேறிவிடும்.

தனியாளாகச் செய்ய வெற்றிடப் பம்பு உண்டு. அதில் நிப்பிளின் மரைவழியே வெளிக்காற்று கசிந்து குழாயில் குமிழ்போலத் தெரியும். அதைக் கண்டு ஏமாறக் கூடாது. நிப்பிளைத் திறந்துவிட்டுத் திரவம் தன் எடையில் சொட்டட்டும் என்று காத்திருப்பதும் ஒரு முறை. மெதுவானது, ஆனால் பழைய பம்புக்கு மென்மையானது. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் அதன் வால்வுத் தொகுதிக்குள்ளும் காற்று தங்கலாம். சிலவற்றில் கணினிக் கருவி இல்லாமல் அதை எடுக்க முடியாது.

பின் அச்சின்மேல் ஒரு வால்வு

காருக்கும் பிக்அப்புக்கும் இந்த வேலையில் உள்ள முக்கிய வேறுபாடு பின்பக்கத்தில் இருக்கிறது. வெறும் பிக்அப்பின் பின்பகுதி மிக லேசு. முழு அழுத்தமும் அங்கு போனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஒரு டன் சிமெண்ட் ஏற்றிவிட்டால் நிலைமை தலைகீழ். பின்சக்கரத்துக்கு நிறைய பிரேக் வேண்டும். இதைச் சமாளிக்கப் பல பிக்அப்புகளில் சுமையை உணரும் வால்வு ஒன்றைப் பின் அச்சுக்கு மேலே சேசிஸில் பொருத்தியிருப்பார்கள். சுருக்கமாகச் சுமை வால்வு என்போம். ஒரு கம்பி அதை அச்சோடு இணைக்கும். சுமை ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் கம்பி நகர்ந்து வால்வு அதிக அழுத்தத்தைப் பின்னால் விடும். சுமை இறங்கினால் குறைக்கும்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பழைய ஹைலக்ஸ் பலவற்றில் இந்த வால்வுக்கே தனியாக ஒரு நிப்பிள் இருக்கிறது. நான்கு சக்கரங்களிலும் காற்றெடுத்து, இதை விட்டுவிட்டால், இதனுள் தங்கிய குமிழ் பெடலை மெத்தென்றே வைத்திருக்கும். இது சேற்றுக்கு அடியில் மறைந்திருப்பதால் பிக்அப்பைக் காரைப் போலவே எண்ணி வேலை செய்பவர்கள் தவறவிடுகிறார்கள்.

இரண்டாவது, சேசிஸைத் தூக்கிவைத்தால் அச்சு தொங்கும். வண்டியில் சுமையே இல்லை என்று வால்வு எண்ணி, பின்குழாயை நெருக்கிவிடும். திரவம் சரியாக வராது. தாங்கு கால்களை அச்சுக்குக் கீழே வைக்கச் சொன்னது இதனால்தான். உயரம் கூட்ட ஸ்பிரிங் மாற்றிய வண்டிகளிலும் இதே நிலை நிரந்தரமாக ஏற்படும். அந்தக் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யாவிட்டால், சுமை இருக்கும்போதும் பின்பிரேக் அரைகுறையாகவே வேலை செய்யும்.

முடித்தபின் பார்க்க வேண்டியவை

எஞ்சின் நிறுத்திய நிலையில் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. எல்லா நிப்பிள்களையும் துடைத்துவிட்டு மீண்டும் மிதித்து, ஈரம் தோன்றுகிறதா என்று பாருங்கள். சிந்திய திரவம் பெயிண்டை அரிக்கும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய திரவத்தை வடிகாலில் ஊற்ற வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவின் வடிகால்கள் பெஞ்சாலா ஆற்றுக்கும் கிள்ளான் ஆற்றுக்கும்தான் போகின்றன. கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறைகளில் கொடுக்கலாம். கடைசியாக, காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தபின்தான் கூட்டரசு நெடுஞ்சாலை.

பெடல் கெட்டியாக இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் ஒவ்வொரு சக்கரமும் சமமாகப் பிடிக்கிறதா என்பதைப் பெடல் சொல்லாது. வாகனச் சோதனை நடத்தும் புஸ்பாகோம் நிலையங்களில் சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி ஒவ்வொன்றின் பிரேக் விசையையும் அளக்கும் கருவி இருக்கிறது. வணிக வாகனங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் அந்தச் சோதனைக்குப் போயாக வேண்டும்.

தனியார் பெயரில் ஓடும் வண்டிகளுக்கு அப்படியொரு தவணைச் சோதனை கிடையாது. 15 ஆண்டைக் கடந்த வாகனங்களுக்கு ஆண்டுதோறும் சோதனை என்று 2009இல் தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வின்போது அரசாங்கம் அறிவித்தது. மக்களிடம் எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டது. பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அந்த முடிவு நிம்மதி தந்தது என்பதை மறுக்க முடியாது. அதோடு, பிரேக்கின் நிலையை அறிந்துவைத்திருக்கும் பொறுப்பும் முழுதாக உரிமையாளரிடமே தங்கிவிட்டது.

அந்தப் பொறுப்புக்காக எல்லாரும் ஸ்பானர் பிடிக்க வேண்டியதில்லை. பட்டறையில் மூன்று கேள்விகள் கேட்டால் பெரும்பகுதி தெளிந்துவிடும். காற்று எந்த வழியில் ஏறியது? பின் ஷூக்களைச் சரிசெய்தீர்களா? சுமை வால்விலும் காற்றெடுத்தீர்களா? முதல் கேள்விதான் மூன்றிலும் முக்கியம். காற்றெடுப்பது, நுழைந்த காற்றை வெளியேற்றும் வேலை மட்டுமே. நுழைந்த வழியை அது அடைப்பதில்லை. எதையும் கழற்றி மாற்றாத வண்டியில் சில மாதங்களுக்கு ஒருமுறை காற்றெடுக்க வேண்டியிருந்தால், அடுத்த முறை கேட்க வேண்டியது எந்த ரப்பரை மாற்றுவது என்பதைத்தான்.